எஸ்பான்யோலா தீவில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது எஸ்பான்யோலா. கரையில் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்த்து, பிறகு கடலில் மிதந்தபடி மீன்களைப் பார்த்து, மாலைக்குள் திரும்பிவிட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை பற்றியும் ஆமை பற்றியும் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. விமான டிக்கெட் பற்றி அவ்வளவு இல்லை.

எஸ்பான்யோலாவில் யார் வசிக்கிறார்கள்?

யாரும் இல்லை. கடை, கழிப்பறை, குடிநீர் எதுவும் கிடையாது. ஒதுங்கி நிற்க ஒரு கூரைகூட இல்லை. பரப்பு சுமார் 60 சதுர கிலோமீட்டர், மிக உயர்ந்த இடம் 206 மீட்டர். கலாபகோஸ் தீவுகள் ஈக்வடார் நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் கடலில் எரிமலைக் குழம்பால் உருவானவை. குழம்பு பொங்கும் இடம் அப்படியே இருக்க, தீவுகள் அமர்ந்திருக்கும் கடலடித் தட்டு மெல்லக் கிழக்கு நோக்கி நகர்வதால், கிழக்கே இருப்பவை பழையவை, மேற்கே இருப்பவை இளையவை. எஸ்பான்யோலாவுக்கு வயது 30 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். எரிமலை எப்போதோ அணைந்து, தேய்ந்து, தட்டையாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அழகான தீவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வறண்ட புதர், கறுத்த பாறை, அவ்வளவுதான். இறங்கிய பிறகுதான் கதை மாறுகிறது.

டார்வின் இந்தத் தீவுக்கு வந்தாரா?

இல்லை. 1835இல் பீகிள் கப்பலில் வந்தபோது அவர் இறங்கியவை சான் கிறிஸ்டோபல், ஃப்ளோரியானா, இசபெலா, சான்டியாகோ என்ற நான்கு தீவுகள். தீவுக்குத் தீவு மாறுபட்ட மாக்கிங்பேர்டு பறவைகள்தான் அவருடைய சிந்தனையை முதலில் கிளறின. அவற்றிலேயே மிக விசித்திரமானது எஸ்பான்யோலாவில் வாழ்கிறது. அதைப் பார்க்காமலேயே போய்விட்டார் மனிதர்.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?

முடியும், சான் கிறிஸ்டோபல் தீவில் தங்கியிருந்தால். அங்குள்ள புவெர்ட்டோ பாக்கெரிசோ மொரேனோ என்ற ஊர்தான் கலாபகோஸ் மாகாணத்தின் தலைநகரம். அங்கிருந்து எஸ்பான்யோலா ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். விசைப்படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அலை எதிர்த்து வந்தால் இன்னும் கூடும். மற்றொரு பெரிய ஊரான புவெர்ட்டோ அயோராவில், அதாவது சாண்டா குரூஸ் தீவில், அறை எடுத்துவிட்டு இந்தப் பயணத்தைத் தேடுகிறவர்கள் பலர். அங்கிருந்து அது ஒரு நாளில் அடங்காது. அறை எடுப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த நாள் எப்படிப் போகும்?

விடியற்காலை ஏழு மணியளவில் படகுத்துறை. தீவின் மேற்கு முனையான புன்டா சுவாரெஸில் பெரிய படகிலிருந்து சிறு ரப்பர் படகுக்கு மாறி, பாறைக் கரையில் இறங்குவீர்கள். இறங்கும் இடத்திலேயே கடற்சிங்கங்கள் படுத்திருக்கும். அவை விலகாது, நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். பிறகு பாறைகள் நிறைந்த வட்டப் பாதையில் இரண்டு, இரண்டரை மணி நேர நடை. படகுக்குத் திரும்பி, கிழக்கே கார்ட்னர் விரிகுடாப் பக்கம் போய் ஸ்நார்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, மிதந்தபடி நீருக்கடியில் பார்ப்பது), மதிய உணவு, திரும்பும் பயணம். அலையைப் பார்த்துச் சில நாட்களில் வரிசையை மாற்றி, முதலில் கடல், பிறகு கரை என்றும் வைப்பார்கள்.

கார்ட்னர் விரிகுடாவில் வெண்மணல் கடற்கரை ஒன்று உண்டு. கூட்டம் கூட்டமாகக் கடற்சிங்கங்கள் உறங்கும் படங்கள் பெரும்பாலும் அங்கே எடுத்தவைதான். ஒரு நாள் பயணங்கள் எல்லாமே அந்த மணலில் இறக்குவதில்லை. பல படகுகள் அதன் எதிரே உள்ள பாறைத் திட்டுகளைச் சுற்றி நீந்தவிடுவதோடு சரி. மணலில் கால் வைப்பது உங்களுக்கு முக்கியம் என்றால், பணம் கட்டும் முன் அதைத் தனியாகக் கேளுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலானோர் கடல் எப்போது அமைதியாக இருக்கும் என்ற பொருளில் கேட்கிறார்கள். அதற்குப் பதில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. நீர் வெதுவெதுப்பாக, அலை தணிந்து, கடலுக்கடியில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஜனவரி முதல் மார்ச்சின் பெரும்பகுதி வரை அல்பட்ராஸ் இருக்காது. உலகத்தில் வேறெங்கும் இப்படிப் பார்க்கக் கிடைக்காத பறவையை விட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீருக்காக அவ்வளவு தூரம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெதுவெதுப்பான கடல் உலகத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும். அல்பட்ராஸ்கள் வந்து சேர்ந்து ஜோடி கூடும் காலம். கடலும் இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்காது. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடல் முரட்டுத்தனமாக இருக்கும், வானம் மூடிக் கிடக்கும். வயிறு தாங்கும் என்றால் அப்போதும் போகலாம். குஞ்சுகளைப் பார்க்க அதுதான் காலம்.

அல்பட்ராஸில் அப்படி என்ன இருக்கிறது?

எஸ்பான்யோலாவில் இனப்பெருக்கம் செய்வது அலைவரி அல்பட்ராஸ் என்ற இனம். ஈக்வடார் கரையை ஒட்டிய லா பிளாட்டா என்ற சிறு தீவில் இருக்கும் ஒருசிலவற்றைத் தவிர, இந்த இனத்தின் அத்தனை ஜோடிகளும் முட்டையிட வருவது இந்த ஒரே தீவுக்குத்தான். சிறகு விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல். நாற்பது ஆண்டுக்காலம்கூட வாழக்கூடியது. மார்ச் கடைசியில் முதலில் ஆண்கள் வரும், பிறகு பெண்கள். ஆண்டின் மீதி நாட்களைப் பெரு நாட்டுக் கடலில் மீனும் கணவாயும் தின்று கழித்துவிட்டு, முந்தைய ஆண்டுத் துணையைத் தேடிக்கொண்டு இதே மேட்டுக்கு வந்து இறங்கும்.

பலர் பார்க்க விரும்புவது அதன் நடனத்தை. இரண்டு பறவைகளும் எதிரெதிரே நின்று மஞ்சள் அலகுகளை வாள்போல உரசிக்கொள்ளும். திடீரென ஒன்று நிமிர்ந்து வானத்தை நோக்கி அலகைத் தூக்கும். மற்றது தலையைக் குனிந்து தன் தோளைத் தொடும். பிறகு வாயை அகலத் திறந்து, படாரென்று மூடும். அந்தச் சத்தம் பாதை முழுதும் கேட்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் தலையை ஆட்டி ஆட்டி, கால்களை அகட்டி வைத்துக் குடிகாரர்கள்போல ஒரு நடை நடக்கும். நீண்ட நாள் குடித்தனம் நடத்தும் ஜோடிகள் இதையெல்லாம் சுருக்கமாக முடித்துக்கொள்ளும். புதிதாகத் துணை தேடுகிற இளசுகள்தான் முழு ஆட்டத்தையும் ஆடிக் காட்டும். எனவே நிற்க வேண்டியது இளசுகள் கூடும் இடத்தில். வழிகாட்டிக்குத் தெரியும், கேளுங்கள்.

கூடு கட்டும் வழக்கம் இதற்குக் கிடையாது. வெறும் தரையில் ஒரே ஒரு முட்டை. அடைகாக்க ஏறத்தாழ இரண்டு மாதம். அடைகாக்கும் பறவை அந்த முட்டையைக் கால்களுக்கிடையே வைத்து அங்குமிங்கும் உருட்டிக்கொண்டு போகும் பழக்கமும் உண்டு. சில நேரம் பாறையிடுக்கில் விழுந்து முட்டை வீணாகிவிடும். ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு முடிவான விளக்கம் இன்னும் வரவில்லை. குஞ்சு பழுப்பு நிறப் பஞ்சு மூட்டையாக வளர்ந்து, டிசம்பர் கடைசியில் சிறகு முளைத்துக் கடலுக்குப் போகும். போனால் திரும்பிக் கரைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும்.

பறக்கும்போது இதைவிடக் கம்பீரமான உயிர் இல்லை. தரையில் படு மோசம். கனத்த உடம்பு, நீண்ட சிறகு. நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. அதனால் தெற்குப் பாறை விளிம்பு வரை தத்தித் தத்தி நடந்து வந்து, காற்று எதிர்த்து வீசும் இடத்தில் நின்று, கீழே விழுந்துவிடும். விழுந்த அடுத்த நொடி மிதக்கும். விளிம்புக்கு அருகே அமைதியாகக் காத்திருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இப்படிப் புறப்படுவதைப் பார்க்கலாம். அதே விளிம்பில்தான் அலை பாறைத் துளைக்குள் புகுந்து பீறிட்டு எழும் ஊற்றும் இருக்கிறது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் இருபது மீட்டர் உயரத்துக்கு நீர் எழும்பும். எல்லோரும் அதைப் படமெடுக்கத் திரும்பிக்கொள்வார்கள். நீங்கள் பறவையையே பாருங்கள்.

இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. தூண்டிலிலும் வலையிலும் சிக்கிச் சாவது முக்கியக் காரணம்.

இகுவானாக்கள் சிவப்பும் பச்சையுமாக இருப்பது உண்மையா, படத்தில் நிறம் கூட்டியதா?

உண்மை. கடலில் மேய்கிற பல்லியினம் உலகில் கலாபகோஸின் கடல் இகுவானா ஒன்றுதான். மற்ற தீவுகளில் பெரும்பாலும் கருமை, சாம்பல். எஸ்பான்யோலாவின் உள்ளினத்தில் வளர்ந்த ஆண்கள் செம்பாறை நிறத்தில் இருக்கும். கூடும் காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை முதுகிலும் கால்களிலும் பச்சை ஏறும். தின்னும் கடற்பாசியின் நிறமியும் இதற்குக் காரணம் என்கிறார்கள்.

அவை மூக்கிலிருந்து சீறித் துப்புவது உங்கள்மீது கோபத்தால் அல்ல. பாசியோடு உள்ளே போன உப்பை மூக்கருகே உள்ள சுரப்பி வழியாக வெளியேற்றுகின்றன. தலையில் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த உப்புதான். இன்னொரு செய்தி நம்ப முடியாததாக இருக்கும். எல் நீனோ ஆண்டுகளில் கடல் சூடேறிப் பாசி அழிந்து பட்டினி வரும்போது, வளர்ந்த இகுவானாவின் உடல் நீளமே சுருங்குகிறது, 20 சதவீதம் வரைகூட. இளைப்பது மட்டுமில்லை, எலும்பும் சேர்ந்தே குறுகுகிறது. உணவு திரும்பியதும் மறுபடி வளர்ந்துவிடும். இதை அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

நடக்கும்போது காலடியைப் பாருங்கள். கறுப்புப் பாறையில் கறுத்த குட்டி இகுவானாக்கள் கண்ணில் படாது.

விலங்குகள் ஏன் பயப்படுவதில்லை? பக்கத்தில் போகலாமா?

மனிதர் வரும்வரை இத்தீவுகளில் பூனை, நரி போன்ற வேட்டைப் பாலூட்டி எதுவும் தரையில் இல்லை. மேலிருந்து பாயும் கலாபகோஸ் பருந்தைத்தான் அவை கவனிக்கக் கற்றிருக்கின்றன. இரண்டு காலில் நடந்து வரும் உருவத்தை ஆபத்து என்று எண்ணும் தலைமுறைப் பாடம் அவற்றுக்கு இல்லை. நீலக்கால் பூபி என்ற கடற்பறவை நடைபாதையின் நடுவிலேயே முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும்.

விதி இரண்டு மீட்டர். விலங்கிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்; பாதையை விட்டு விலகக் கூடாது; தொடக் கூடாது; ஃபிளாஷ் போடக் கூடாது. அதுவாக உங்களை நோக்கி வந்தால் அசையாமல் நில்லுங்கள். பயமில்லாமல் இருப்பதால் அதற்கு நம்மால் தொந்தரவே இல்லை என்று பொருளல்ல. கடற்சிங்கக் குட்டியைத் தாய் அடையாளம் காண்பதில் வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. தடவிக்கொடுக்கிற கை அதில் குறுக்கிடுகிறது. எந்தக் குழுவிலும் தொட்டுப் பார்க்கிற ஒருவர் இருப்பார் என்று அங்குள்ள வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்த ஒருவர் நாமாக இருக்க வேண்டாம்.

ஒரு பறவை தண்ணீர் பாட்டிலைக் கொத்துகிறது. கொஞ்சம் ஊற்றலாமா?

கூடாது. அதுதான் டார்வின் பார்க்காமல் போன எஸ்பான்யோலா மாக்கிங்பேர்டு. இந்தத் தீவிலும் இதை ஒட்டிய சிறு திட்டுகளிலும் மட்டுமே உண்டு. ஊற்றுநீர் இல்லாத தீவில் வாழ்வதால் ஈரம் எங்கே இருந்தாலும் தேடிப்போகும். காயம்பட்ட கடற்சிங்கத்தின் இரத்தத்தைக் குடிக்கும், மற்ற பறவைகளின் முட்டையை உடைக்கும். பாட்டில் மூடியில் நனைந்த இடத்தைக் கண்டால் காலணிமேல் ஏறி நிற்கும். துணிச்சலில் காக்கையை மிஞ்சும். பாட்டிலைப் பையில் போட்டு மூடிவிடுங்கள், அடுத்தவரிடம் போய்விடும்.

பூபி குஞ்சு ஒன்று இன்னொன்றைக் கொத்தி வெளியே தள்ளியது. வழிகாட்டி ஏன் சும்மா நின்றார்?

நீங்கள் பார்த்தது நாஸ்கா பூபி. வெள்ளை உடம்பு, கறுப்பு முகமூடி. அது சில நாள் இடைவெளியில் இரண்டு முட்டை இடும். இரண்டும் பொரித்தால், மூத்தது இளையதைக் கூட்டு வட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிடும். பெற்றோர் தலையிடாது. வெளியே விழுந்த குஞ்சைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் இல்லை. முதல் முட்டை பொரிக்காமல் போனால் இருக்கட்டும் என்பதற்காகவே இரண்டாவது. நீங்கள் எடுத்து உள்ளே வைத்தாலும் மூத்தது மறுபடி தள்ளும். தேசியப் பூங்காவான இந்தத் தீவில் தலையிட யாருக்கும் அனுமதியும் இல்லை. குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள் போனால் பார்க்க நேரலாம்.

நீலக்கால் பூபி சற்று இளகிய மனம். இரை நன்றாகக் கிடைக்கும் ஆண்டில் இரண்டு, மூன்று குஞ்சுகளையும் வளர்த்துவிடும். அந்தக் கால் நீலமும் இரையைப் பொறுத்ததே. இரண்டு நாள் மீன் கிடைக்காவிட்டாலே நிறம் மங்கிவிடும். பெண் பூபி ஆணின் காலைப் பார்த்துத் துணை தேர்வது வீண் பகட்டுக்காக அல்ல.

நீச்சல் தெரியாது. ஸ்நார்கெலிங் செய்யலாமா?

இங்கே வேண்டாம் என்பேன். நிறுவனங்கள் மிதவைச் சட்டையும் வளையமும் தரும், வழிகாட்டி கூடவே நீரில் இறங்குவார். அதெல்லாம் உண்மைதான். ஆனால் இது ஆழமில்லாத பவளத் திடல் அல்ல. படகிலிருந்து நேராக ஆழ்கடலில் இறங்கிப் பாறைச் சுவரை ஒட்டி நீந்த வேண்டும். நீரோட்டம் இருக்கும், நீர் குளிரும், அருகே கடற்சிங்கம் பாய்ந்து வரும். நீச்சல் தெரிந்தவர்களே முதல் ஐந்து நிமிடம் மூச்சு வாங்குவார்கள். தெரியாதவர்கள் முதலில் சான் கிறிஸ்டோபலில் ஊரை ஒட்டிய கடற்கரைகளில் குழாயைக் கடித்து மூச்சு விடப் பழகுங்கள். அங்கும் பேராமைகள் வந்து மேய்கின்றன. எஸ்பான்யோலாவில் படகிலேயே உட்கார்ந்திருந்தாலும் நாள் வீணாகாது; இந்தத் தீவில் பார்க்க வேண்டியதில் பெரும் பகுதி கரையில்தான்.

நீருக்கடியில் என்ன பார்க்கலாம்?

பவளப் பாறைகளின் வண்ணக் காட்சியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். குளிர் நீரோட்டங்கள் வந்து மோதும் இடம் என்பதால் பவளம் குறைவு. பெரிய உயிர்கள் நிறைய. மஞ்சள் வால் சர்ஜன் மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரே திசையில் நகரும். பாறையைக் கடித்துக் கரகரவென்று சத்தமெழுப்பும் கிளிமீன்கள், கருநீல ஏஞ்சல் மீன், மணல்மேல் புள்ளித் திருக்கை, பாறையில் பாசி மேயும் பேராமை. நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் அதே இனம்தான் இந்தப் பேராமை. ஆனால் இங்கே அது ஓடி ஒளிவதில்லை. மேலிருந்து நிழல் விழாதபடி பக்கவாட்டில் மிதந்தால், நெடுநேரம் கூடவே போகலாம்.

எல்லாவற்றையும்விட மறக்க முடியாதது இளம் கடற்சிங்கங்கள். நேராக உங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்து, மோதப்போகிற நொடியில் திரும்பும். நீங்கள் சும்மா மிதந்தால் சலித்துப் போய்விடும். கீழே முங்கினால், ஒரு சுற்றுச் சுற்றினால், திரும்ப வரும். கையை மட்டும் நீட்டாதீர்கள்.

சுறா இருக்குமா? கடற்சிங்கம் கடிக்குமா?

வெண்முனைச் சுறாக்கள் இருக்கும். பகலில் பாறைக்கடியில் படுத்துக் கிடப்பவை. ஆளைக் கண்டால் நகர்ந்துகொள்ளும். நான் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வது ஆண் கடற்சிங்கத்திடம். நெற்றி புடைத்து, கழுத்து பருத்து, தன் கரைப் பகுதியை ஒட்டி முன்னும் பின்னும் குரைத்தபடி நீந்தும். அதன் பெண்களுக்கும் உங்களுக்கும் நடுவே அது வந்தால், வாதாடாமல் விலகிப் போங்கள். கரையிலும் அப்படியே.

நிலநடுக்கோட்டில் கடல் எப்படிக் குளிரும்?

தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. மேற்கிலிருந்து வரும் ஆழ்கடல் நீரோட்டமும் தீவுகளில் மோதி மேலெழுகிறது. எஸ்பான்யோலா தென்கோடியில் இருப்பதால் ஹம்போல்ட்டின் பங்கு அதற்கு அதிகம். ஜூலை முதல் நவம்பர் வரை நீர் 18 முதல் 22 டிகிரி. சென்னைக் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு இது அதிர்ச்சி. வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சல் உடை கட்டாயம், உடம்போடு ஒட்டாத அளவு என்றால் பயனில்லை. முதல் நாள் மாலையே போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பவர் கண்ணாடி போடுகிறேன். என்ன செய்வது?

பவர் பொருத்திய மாஸ்க்கை ஊரிலேயே வாங்கிப் போங்கள். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போனால் உங்கள் எண் இருக்காது. மீசை தாடி உள்ளவர்களுக்கு மாஸ்க்கின் விளிம்பில் நீர் கசியும். மூக்குக்குக் கீழே கொஞ்சம் வாசலைன் தடவினால் குறையும். கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க உமிழ்நீரைத் தேய்த்துக் கழுவுவதே இன்றுவரை சிறந்த வழி.

படகில் குமட்டல் வருமா?

வரும், குறிப்பாக ஆண்டின் இரண்டாம் பாதியில். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படகு ஆடத் தொடங்கிய பிறகு அல்ல, புறப்படுவதற்கு முன்பே போடுங்கள். பின்பக்க இருக்கையில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது.

ராட்சத ஆமைகளைப் பார்க்க முடியுமா?

நடைபாதையில் பார்ப்பது அரிது. அவை தீவின் உட்பகுதியில் இருக்கின்றன. ஆனாலும் அவற்றின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் தீவு வேறு மாதிரி தெரியும்.

திமிங்கில வேட்டைக் கப்பல்களின் காலத்தில், உணவும் நீரும் இல்லாமல் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் இறைச்சி என்பதற்காகவே ராட்சத ஆமைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஆடுகள் வந்தன. மிச்சமிருந்த ஆமைகளின் தீனியை அவை மொட்டையடித்தன. 1963 முதல் 1974 வரை தேடியதில் எஸ்பான்யோலாவில் கிடைத்தவை மொத்தம் பதினான்கு: பன்னிரண்டு பெண், இரண்டு ஆண். ஒன்றையொன்று சந்திக்க முடியாத தூரத்தில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் சாண்டா குரூஸ் தீவின் வளர்ப்பு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு, 1970களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் சான் டியாகோ விலங்குக் காட்சியகத்தில் இருந்த இதே இனத்து ஆண் ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. அதுதான் உலகப் புகழ்பெற்ற தியேகோ.

பத்திரிகைகள் தியேகோவை ஓர் இனத்தையே காப்பாற்றிய காதல் மன்னனாக எழுதித் தள்ளின. மரபணுச் சோதனை வேறொன்றைச் சொன்னது. குஞ்சுகளில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் தியேகோவுடையவை. பெரும்பங்கு, விளம்பரமே இல்லாத இன்னொரு ஆணுடையது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஈ5 என்ற எண் மட்டும்தான். 1978இல் தீவிலிருந்து ஆடுகள் முற்றிலும் அகற்றப்பட்டன. வளர்ப்பு மையக் குஞ்சுகள் தீவில் விடப்பட்டு, எண்ணிக்கை 2,000ஐ நெருங்கியதும் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். 2020 ஜூன் மாதம் தியேகோ உட்பட பதினைந்து மூத்த ஆமைகளும் தீவுக்குத் திரும்பின.

அல்பட்ராஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஆடுகள் போனபின் தீவில் மரப்புதர் மண்டியது. ஓடி எழும்பவும் வந்து இறங்கவும் திறந்த வெளி வேண்டிய பறவைக்கு அது இடைஞ்சல். மேய்ந்தும் மிதித்தும் வெளியை உண்டாக்குகிற கனத்த உயிர் ஆமை ஒன்றுதான். அதனால் ஆமை பெருகினால் பறவைக்கும் ஓடுபாதை மிஞ்சும்.

வழிகாட்டி இல்லாமல் போகலாமா? ட்ரோன்?

இரண்டும் கூடாது. தேசியப் பூங்கா 1959இல் அமைந்தது. தீவுகளின் நிலப்பரப்பில் 97 சதவீதம் அதற்குள் அடங்கும். பூங்காவின் உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். ஒருவருக்குப் பதினாறு பேருக்கு மேல் கிடையாது.

எவ்வளவு செலவாகும்? விசா?

ஈக்வடாரில் அமெரிக்க டாலர்தான் நாணயம். வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் முதல் 200 டாலர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 100. விமானம் ஏறும் முன் வாங்க வேண்டிய தீவுப் பயண அட்டைக்கு 20 டாலர். எஸ்பான்யோலா ஒரு நாள் பயணம் மட்டும் தலைக்கு 200 டாலரைத் தாண்டும். நுழைவுக் கட்டணத்துக்கு ரொக்கம் வைத்திருங்கள். கீட்டோ அல்லது குவாயாகில் நகரத்திலிருந்து விமானம். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தில் கேளுங்கள்.

சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி? ஊரிலிருந்து கொண்டுபோகலாமா?

முதல் நாளே சொல்லிவைத்தால் படகில் சோறும் பயறு அல்லது அவரைக் குழம்பும் தருவார்கள். ஈக்வடாரில் அது அன்றாட உணவு. காரம் இருக்காது. ஊரிலிருந்து கொண்டுபோவதில் கவனம். அயல் விதையும் பூச்சியும் புகாமலிருக்க, கீட்டோவிலும் குவாயாகிலிலும் பெட்டியைச் சோதித்த பிறகே விமானத்தில் ஏற்றுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், முளைக்கக்கூடிய தானியம் எல்லாம் பறிபோகும். காலணி அடியில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டுப் போங்கள். எஸ்பான்யோலா கரைக்கு எந்த உணவையும் எடுத்துப் போகக் கூடாது, குடிநீர் மட்டும்.

வயதானவர்களும் குழந்தைகளும் நடக்க முடியுமா?

தூரம் அதிகமில்லை, பாதைதான் கரடு. உருண்டைக் கற்களில் கல்லுக்குக் கல் தாண்ட வேண்டும். சில இடங்களில் கையூன்றி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் எடுத்துச் செல்லுங்கள். செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள மூடிய காலணி போடுங்கள். ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு நடை பெரிய சிரமமில்லை. படகில் நான்கு மணி நேரம்தான் சிரமம். நிழல் இல்லை என்பதால் தொப்பி, முழுக்கைச் சட்டை.

கேமரா என்ன எடுத்துப் போகலாம்?

கைபேசியே பெரும்பாலும் போதும், அவ்வளவு பக்கத்தில் இருக்கும். அல்பட்ராஸ் விளிம்பிலிருந்து பறக்கும் காட்சிக்கு மட்டும் நீள லென்ஸ் உதவும். ரப்பர் படகில் இறங்கி ஏறும்போது எல்லாமே நனையும். நீர் புகாத பை இல்லாமல் போகாதீர்கள். நீருக்கடியில் படமெடுக்கும் கேமராவை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கடற்சிங்கங்களுக்கு அந்தக் கயிற்றின் மீது ஒரு கண்.

ஒரு நாள் போதுமா, கப்பலில் தங்கிப் பார்ப்பது நல்லதா?

கப்பல் பயணத்தில் இரவில் கடலைக் கடந்துவிடுவதால், விடியும்போதே தீவில் இருப்பீர்கள். அல்பட்ராஸ் மேட்டில் கூடுதல் நேரம் நிற்கலாம். கார்ட்னர் மணலிலும் இறங்கலாம். செலவு பல மடங்கு. ஒரு நாள் பயணத்தில் படகிலேயே நான்கு மணி நேரம் போய்விடும் என்பது மெய். ஆனால் ஏப்ரலுக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையே சான் கிறிஸ்டோபலில் இருப்பவர், பணம் சேரட்டும், அடுத்த முறை கப்பலில் வருகிறேன் என்று இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. படகுகள் தினமும் போவதில்லை. பூங்கா ஒதுக்கும் நாட்களில்தான். ஊரில் இறங்கிய அன்றே எந்த நாளில் இடம் இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, மற்ற திட்டங்களை அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.